முதல் குரூஸர்: உட்கார்ந்து பார்த்துவிட்டேன், இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

புதுத்தடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 27, உயரம் 165 செ.மீ., எடை 61 கிலோ. ஏழு வருடமாக ஒரே 125 சிசி பைக்தான் ஓட்டுகிறேன். தினமும் வேலைக்குப் போய்வர அதுதான். விடுமுறை கிடைத்தால் நூறு, நூற்றைம்பது கி.மீ. வெளியே போவேன். குரூஸர் மேல் ஆசை பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. தாழ்ந்த சீட், நீண்ட உடம்பு, அவசரமில்லாத எஞ்சின் சத்தம். வாங்கும் நிலைமை இப்போதுதான் வந்திருக்கிறது.

மனதில் நான்கு வண்டிகள் இருக்கின்றன. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, சூப்பர் மீட்டியோர் 650, ஹோண்டா ரெபெல் 500, கவாசாகி வல்கன் எஸ்.

நேற்று சூப்பர் மீட்டியோரில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. என் 125-இல்கூடக் குதிகால் கொஞ்சம் தூக்கித்தான் நிற்கும். இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது இதைச் சமாளிப்பதில் என்ன சிரமம் என்று தோன்றியது. அதையே எடுப்பது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். வீட்டில் வந்து சொன்னபோது மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "சாய்ந்தால் தூக்கிவிடுவீங்களா?" பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னால் உட்காரப் போவதும் அவள்தான்.

350-இல் தொடங்கவா, நேராக 650-க்குப் போகவா? ஏழு வருடம் ஓட்டியவனைப் புதியவன் என்று சொல்ல முடியுமா? சீட் உயரம் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்? பழைய வண்டி கிடைத்தால் எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆறாவதுகியர் எழுதியது:

தம்பி, உன் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சீட் தாழ்வாக இருப்பது வேறு, வண்டி லேசாக இருப்பது வேறு. உன் பட்டியலிலேயே பார். மீட்டியோர் 350-இன் சீட் 765 மி.மீ., எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியோரின் சீட் 740 மி.மீ., எடை 241 கிலோ. உன் கால் தரைக்கு 25 மி.மீ. நெருங்கி வந்தது, அதோடு 50 கிலோ கூடிவிட்டது. நீ உட்கார்ந்து பார்த்தபோது வண்டி நேராக நின்றது. அப்போது அந்த 241 கிலோவையும் இரண்டு டயர்கள்தான் சுமந்தன, நீ சுமக்கவில்லை. வண்டி கொஞ்சம் சாய்ந்ததும் அந்தக் கணக்கு மாறும். லேசாகச் சாய்ந்தால் தொடையால் முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். இன்னும் ஒரு கைப்பிடி அளவு சாய்ந்துவிட்டால் எவ்வளவு பலசாலியாலும் பிடிக்க முடியாது. பாதம் முழுதாகப் பதிந்திருப்பது அந்த நேரத்தில் உதவாது.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்கு 39 வயது, பதினெட்டு வருடம் பைக் ஓட்டியிருந்தேன். முதல் குரூஸரே 250 கிலோவுக்கு மேல். வாங்கி பதினோராம் நாள், சரளை கொட்டிக் கிடந்த ஒரு சரிவில் யூ டர்ன் எடுத்தேன். நடந்து போகிற வேகம்தான். ஹேண்டில் முழுதாக இடது பக்கம் திரும்பியிருந்தது. எதிரே ஒரு சைக்கிள் வந்ததும் பழக்கத்தில் கை முன் பிரேக்கைப் பிடித்தது. முன் சக்கரம் அங்கேயே நின்றது, வண்டி உள்பக்கமாக உட்கார்ந்தது. இடது காலை ஊன்றினேன், சரளையில் வழுக்கியது. நல்லவேளை, கால் அடியில் மாட்டவில்லை. ஆனால் வண்டியைத் தூக்க எனக்குத் தெரியவில்லை. சைக்கிளில் வந்த பெரியவரும் நானும் சேர்ந்து தூக்கினோம். அப்புறம் ஆறு மாதம் யூ டர்ன் எடுக்க வேண்டிய இடம் வந்தாலே எனக்குக் கை வியர்க்கும். வண்டியை ரசிக்க வேண்டிய காலத்தைப் பயந்து கழித்தேன். அது உனக்கு நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதனால் புதிதாகக் குரூஸர் வாங்குகிற எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தள்ளிப் பார்.

எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, இடது பக்கம் நின்றுகொண்டு வண்டியை முன்னால் பத்தடி தள்ளு. அப்படியே பின்னால் பத்தடி. பிறகு ஹேண்டிலை முழுதாக ஒடித்து ஒரு வட்டம். பின்னால் தள்ளும்போது வலது கை முன் பிரேக் மேல் இருக்கட்டும், இடுப்பை சீட்டோடு ஒட்டி வை. இதைச் செய்யும்போது மூச்சு வாங்கினாலோ, ஒரு தடவையாவது "போச்சு" என்று மனசு பதறினாலோ, அந்த எடைக்கு நீ இன்னும் தயாராகவில்லை. தினமும் வண்டியை நிறுத்தி எடுக்கும் இடத்தில் இதைத்தான் செய்யப்போகிறாய். ஹோண்டா கோல்டு விங் மாதிரி பெரிய டூரிங் வண்டிகளில் ரிவர்ஸ் வசதி உண்டு, உன் பட்டியலில் இருக்கும் நான்கிலும் கிடையாது. சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்திவிட்டால், வெளியே எடுக்க உன் முதுகுதான் ரிவர்ஸ் கியர்.

ஏழு வருட அனுபவத்தைப் பற்றிக் கேட்டாய். சாலையில் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். அது பெரிய சொத்து. ஆனால் இந்த வண்டிக்கு நீ புதியவன். 1981-இல் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கியவர்கள் சராசரியாக ஏறக்குறைய 3 வருடம் ஓட்டியவர்கள். ஆனால் அவர்களில் பாதிப்பேருக்கு மேல், விபத்துக்குள்ளான அந்த வண்டியோடு 5 மாதம்கூடப் பழகியிருக்கவில்லை. பழைய ஆய்வுதான். ஆனாலும் யாராவது வண்டி மாற்றினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த 5 மாதம்தான்.

பழக வேண்டியது என்னவென்றால், முதலில் திருப்பம். உன் 125-இன் வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம், 1,300 மி.மீ. ஒட்டி இருக்கும். ரெபெலுக்கு அது 1,490, வல்கன் எஸ்-க்கு 1,575. முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கும் அதிகமாகச் சரிந்திருக்கும். இதனால் நெடுஞ்சாலையில் வண்டி கோடு போட்ட மாதிரி போகும். மெதுவாகத் திரும்பும்போது மட்டும் முன் சக்கரம் உள்பக்கமாகத் தானே விழப் பார்க்கும். உன் பைக்கில் ஒரே வீச்சில் திரும்பிய சந்தில், இதில் மூன்று தடவை முன்னும் பின்னும் போவாய். அதற்குக் கைப்பழக்கம் ஒன்று வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கொஞ்சமாக, ஒரே அளவில். கிளட்ச் பாதியில். பின் பிரேக்கில் வலது பாதம் லேசாக. முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிடு. பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், முன் சக்கரத்தைப் பார்க்காதே. பின் பிரேக்கின் லேசான இழுவைதான் வண்டியை நிலையாக வைக்கும். காலி மைதானத்தில் தினமும் அரை மணி நேரம், இரண்டு வாரம் எட்டுப் போடு. வண்டி உன் சொல் கேட்க ஆரம்பிக்கும்.

அடுத்து பிரேக். குரூஸர் நீளமாகவும் தாழ்வாகவும் இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாய்வது மற்ற பைக்குகளைவிடக் குறைவு. அதனால் பின் பிரேக்குக்கு இதில் நல்ல வேலை உண்டு. இதைக் கேட்டுவிட்டுச் சிலர் பின் பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகிவிடுகிறார்கள். அது ஆபத்து. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு இன்னும் முன் பிரேக்குக்குத்தான். பின் சக்கரத்தை அளவுக்கு மீறிப் பிடித்துச் சறுக்குவதும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காததும் அதே ஹர்ட் அறிக்கையில் திரும்பத் திரும்ப வருகிற தவறுகள். ரெபெல், வல்கன் எஸ் இரண்டிலும் முன்னால் ஒற்றை டிஸ்க்தான். அதற்குத் தக்கபடி லிவரை முதலில் மென்மையாகப் பிடித்து, பிறகு இறுக்கிக்கொண்டே போகப் பழக வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் தொடங்கி, 40, 50 என்று ஏற்றி, நேர்கோட்டில் நின்று நின்று பார். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இல்லாத வண்டியை, பழையதானாலும் புதியதானாலும், முதல் குரூஸராக எடுக்காதே. இதில் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன்.

இன்னொன்றும் உனக்குப் புதிது. வளைவில் சாய்க்கும்போது ஃபுட்பெக், அதாவது பாதம் வைக்கும் கட்டை, சீக்கிரமே தரையில் உரசும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துவிடும். கை தானாக வண்டியை நிமிர்த்தும், நிமிர்ந்த வண்டி வளைவுக்கு வெளியே போகும். ஃபுட்பெக்கின் நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய போல்ட் முதலில் உரசி உன்னை எச்சரிப்பதற்கென்றே இருக்கிறது. சத்தம் வந்தால் பதறாமல் சாய்வை அப்படியே வைத்துக்கொள். அடுத்த வளைவுக்கு இன்னும் மெதுவாக நுழை.

நான்கில் எது என்றால், உன் உடம்புக்கும் உன் பயணத்துக்கும் மீட்டியோர் 350 அல்லது ரெபெல் 500. ரெபெல் சீட் 690 மி.மீ., எடை 190 கிலோவை ஒட்டித்தான். தாழ்வும் உண்டு, எடையும் அடக்கம். வேகமும் மீட்டியோரைவிட நிறையவே உண்டு. ஆனால் டேங்க் 11.2 லிட்டர்தான், பின் சீட்டும் சிறிது. மனைவி அடிக்கடி வருவார் என்றால் அவரை உட்கார வைத்துப் பார்க்காமல் எடுக்காதே. மீட்டியோரில் 15 லிட்டர் டேங்க், 20 குதிரைத்திறன். 80, 90-இல் நாள் முழுக்க நிம்மதியாக ஓடும். இருவராக லாரியைத் தாண்டும்போது மட்டும் முன்கூட்டியே இடம் பார்த்துக் கிளம்ப வேண்டும். பெரிய வண்டிகள் இரண்டும் நல்ல வண்டிகள்தான், இரண்டு வருடம் கழித்து எடு.

மழைக்காலம் எழுதியது:

ஆறாவதுகியர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காலை எங்கே வைக்கிறோம் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

என் உயரம் 154 செ.மீ. நான் எடுத்த முதல் குரூஸரில் ஃபுட்பெக் மிகவும் முன்னால் இருந்தது. படங்களில் பார்த்து ஆசைப்பட்ட அதே உட்காரும் முறை. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தபோது சொகுசாகத்தான் தெரிந்தது. எண்பது கி.மீ. தாண்டியதும் வால் எலும்பில் வலி ஆரம்பித்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. சாதாரண பைக்கில் பள்ளம் வந்தால் நம்மை அறியாமலே ஃபுட்பெக்கை மிதித்து இடுப்பைத் தூக்கிக்கொள்கிறோம். கால் முன்னால் நீண்டிருந்தால் அப்படி எழுந்திருக்க முடியாது. குரூஸர்களில் பின் ஷாக் அசையும் தூரமும் பெரும்பாலும் குறைவு. எனவே ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்குப் போகிறது. வேகமாகப் போனால் காற்று வேறு நெஞ்சைப் பின்னால் தள்ளும், விழாமல் இருக்க ஹேண்டிலை இறுகப் பிடிப்பேன், தோளும் சேர்ந்து வலிக்கும். கிளட்சை முழுதாக அழுத்தவும் முதுகை சீட்டிலிருந்து எடுத்து முன்னால் குனிய வேண்டியிருந்தது. யூ டர்னில் ஹேண்டிலை முழுதாக ஒடித்தால் வெளிப்பக்கக் கைப்பிடி எனக்கு எட்டவே எட்டாது.

அதை நீங்களும் சோதித்துப் பாருங்கள். வண்டி நிற்கும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, தூரமாகப் போகும் கையால் கிளட்சையோ ஆக்ஸிலரேட்டரையோ முழங்கை மடிந்த நிலையில் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்த நிலையில் சைடு ஸ்டாண்டைக் காலால் தள்ளவும் மடக்கவும் முடிகிறதா என்றும் பாருங்கள். எனக்கு முடியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அதை விற்றுவிட்டு வல்கன் எஸ் எடுத்தேன். அதில் ஃபுட்பெக்கை மூன்று இடங்களில் ஒன்றில் பொருத்தலாம், சீட்டும் ஹேண்டிலும் மாற்றுவதற்கு வேறு அளவுகளில் கிடைக்கும். ஃபுட்பெக்கைக் கடைசி இடத்தில் வைத்து ஓட்டுகிறேன், முந்நூறு கி.மீ. போய் இறங்கினாலும் முதுகு நேராக இருக்கிறது. எடை 230 கிலோவை ஒட்டி வரும், அதற்கு நான் பழகியிருந்தேன். உங்களுக்கு முதல் வண்டியாக நானும் அதைச் சொல்ல மாட்டேன்.

உங்கள் மனைவிக்காக ஒரு விஷயம். பின்னால் ஆள் உட்காரும் நாளில் பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வண்டி பின்னால் அமுங்கும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், ஃபுட்பெக் இன்னும் சீக்கிரம் உரசும். வண்டியோடு வரும் கையேட்டில் அதிகபட்சம் எவ்வளவு சுமை என்று எழுதியிருப்பார்கள். நீங்கள், அவர், பை, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

புதுத்தடம் எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. இன்று காலை போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தேன்.

சூப்பர் மீட்டியோரை முன்னால் தள்ளியபோது ஒன்றும் தெரியவில்லை. பின்னால் தள்ளும்போது தரையில் இருந்த சின்ன மேட்டில் பின் சக்கரம் ஏறவில்லை. பலம் கொடுத்தேன், ஏறியது, ஏறிய வேகத்தில் வண்டி என்னைவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொண்டார். நீங்கள் சொன்ன அந்த "போச்சு" எனக்கு நிஜமாகவே வந்தது. அடுத்ததாக மீட்டியோர் 350-ஐத் தள்ளினேன். கனம்தான், ஆனால் அதே மேட்டில் நானே ஏற்றி, நானே வட்டம் போட்டு, இருந்த இடத்தில் நிறுத்தினேன். ரெபெலும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் சுலபமாகவே இருந்தது. ஆனால் மனைவி அதன் பின் சீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

இரண்டு சந்தேகம். 191 கிலோவானாலும் கீழே போனால் எப்படித் தூக்குவது? அப்புறம், தெரிந்தவர் ஒருவர் மூன்று வருடம் ஓட்டிய மீட்டியோர் ஒன்றைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அதை எடுக்கலாமா?

ஆறாவதுகியர் எழுதியது:

தள்ளிப் பார்த்ததற்கு மிகவும் சந்தோஷம் தம்பி. சாய்ந்த வண்டியை அவர் பிடித்துக்கொண்டதும் நல்லதாயிற்று.

தூக்குவதைச் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம்: வண்டி சாய்ந்து போகிறது, இனி பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் விட்டுவிட்டு விலகு. லிவரை மாற்றலாம், முதுகுத் தசையை மாற்ற முடியாது.

விழுந்ததும் எஞ்சினை அணை. வாகனங்கள் வருகின்றனவா, பெட்ரோல் கசிகிறதா என்று பார். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளி வை. இதை மறந்துதான் பலர் சிரமப்பட்டுத் தூக்கி, அடுத்த பக்கம் போட்டுவிடுகிறார்கள். முடிந்தால் கியரில் போடு, உருளாது. ஹேண்டிலைத் தரையில் கிடக்கும் பக்கமாக முழுதாக ஒடி, அந்தப் பக்கத்துக் கைப்பிடி டேங்கை நெருங்கி வரும். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பின் கீழ்ப்பகுதி சீட்டில் ஒட்டும்படி குந்து. ஒரு கையால் அந்தக் கைப்பிடி, இன்னொரு கையால் பின்பக்கம் உறுதியான ஒரு கம்பி. இண்டிகேட்டரையோ சைலன்சரையோ பிடிக்காதே, ஒன்று உடையும், இன்னொன்று சுடும். முதுகை நேராக வைத்துக்கொண்டு, கால்களால் மட்டும் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நட. கடைசிக் கொஞ்சத்தில் மெதுவாக, இல்லையென்றால் அந்தப் பக்கம் போய்விடும்.

வழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புல்தரையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, வண்டியை மெதுவாகச் சாய்த்து ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடு. அன்று ராத்திரி நன்றாகத் தூங்குவாய். மனைவிக்கும் பதில் கிடைத்துவிடும்.

பழைய வண்டி பற்றி ஸ்பேனர்பெட்டி சொன்னால் நன்றாக இருக்கும், அவர் கை வைத்த வண்டிகள் நான் பார்த்ததைவிட அதிகம்.

ஸ்பேனர்பெட்டி எழுதியது:

முதல் குரூஸருக்குப் பழைய வண்டி நல்ல யோசனைதான். பழகும்போது கீறல் விழுந்தால் மனசு உடையாது. மூன்று வருட வண்டி என்றால் இவற்றைப் பாருங்கள்.

போகும் முன் போன் செய்து, எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதில்தான் பேட்டரி, எரிபொருள், உள்சத்தம் எல்லாம் தெரியும்.

விழுந்த வண்டியா என்பதை டேங்கில் தேடாதீர்கள், அதை பெயின்ட் அடித்திருப்பார்கள். ஹேண்டிலின் இரண்டு நுனிகள், லிவர் நுனிகள், ஃபுட்பெக் முனைகள், சைலன்சரின் அடிப்பக்கம் பாருங்கள். ஹேண்டிலை ஒடிக்கும்போது அது போய் முட்டி நிற்கிற இரும்பு முட்டு ஒன்று ஃபோர்க்குக்குப் பக்கத்தில் இருக்கும். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் பலமாக அடிபட்ட வண்டி, விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் சாய்ந்த கீறலுக்கு நான் பயப்பட மாட்டேன், குரூஸரில் அது சகஜம்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் எங்கேயாவது பள்ளத்தில் விழுகிற மாதிரி நின்று போனால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் போயிருக்கிறது. பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கூராக இருந்தால் செயினும் ஸ்பிராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாத வண்டி என்று சொல்லிவிட்டு டயர் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பூ நன்றாக இருந்தும் ரப்பர் வெடித்திருந்தால் வண்டி வெயிலில் சும்மா நின்றிருக்கிறது.

குரூஸர்காரர்கள் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். மாற்றியிருந்தால் பழையதை வைத்திருக்கிறாரா, கொடுப்பாரா என்று கேளுங்கள். ஹேண்டில் உயர்த்தியிருந்தால் கேபிள்களும் பிரேக் ஹோஸும் இழுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபிரேமில் பொறித்த எண் ஆவணத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருந்த வேண்டும். வாங்கியதும் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில் இரண்டையும் மாற்றிவிடுங்கள், அவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் சரி.

மழைக்காலம் எழுதியது:

ஹெல்மெட் பற்றி யாரும் சொல்லவில்லையே. குரூஸர் என்றதும் அரை ஹெல்மெட் வாங்கத் தோன்றும். தயவுசெய்து முகம் முழுதும் மூடும் ஹெல்மெட் எடுங்கள், ஈசிஇ 22.06 மாதிரி ஒரு தரச்சான்று இருக்கிறதா என்று பார்த்து. கையுறையும், கணுக்கால் மூடும் பூட்ஸும் வண்டி வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பூட்ஸில் லேஸை உள்ளே சொருகிவிடுங்கள், அது ஃபுட்பெக்கில் மாட்டி நின்ற இடத்தில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். மனைவிக்கும் அதே தரத்தில் வாங்குங்கள்.

புதுத்தடம் எழுதியது:

வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். எஞ்சின் குளிர்ந்திருந்தது, ஒரே அழுத்தலில் கிளம்பியது. இடது லிவர் நுனியிலும் ஃபுட்பெக்கிலும் கீறல் இருந்தது. கேட்டேன், வீட்டு வாசலில் நின்ற இடத்தில் சாய்ந்தது என்று அவரே சொன்னார். இரும்பு முட்டு நன்றாக இருக்கிறது. முன் டயர் வண்டியோடு வந்தது, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது, அதை மாற்றச் செலவாகும் தொகையைக் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஏபிஎஸ் இருக்கிறது. ஹேண்டிலை ஒடித்துக் கிளட்ச் எட்டுகிறதா என்றும் பார்த்தேன், எட்டுகிறது. மனைவி பின்னால் உட்கார்ந்து இருபது நிமிடம் வந்தாள், இறங்கும்போது கால் மடங்கி வலிக்கவில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன். டயர் மாற்றியதும் முதல் 150 கி.மீ. வழுக்கும், சாய்க்காமல் நிதானமாக ஓட்டச் சொல்லி ஒரு நண்பர் சொன்னார், சரிதானே அண்ணா? எட்டுப் போட ஒரு மைதானமும் பார்த்து வைத்திருக்கிறேன். போர்வையும் எடுத்து வைத்தாயிற்று.

ஆறாவதுகியர் எழுதியது:

சரிதான். புது டயரின் வழுவழுப்பு போகும்வரை ஆக்ஸிலரேட்டரை வேகமாகத் திருகாதே, சட்டென்று பிரேக் அடிக்காதே, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. ஈரத்தில் இன்னும் கவனம். மைதானத்துக்கு முதல் தடவை போகும்போது டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம், மேலே இருக்கும் எடை குறையும், திருப்புவதில் அந்த வித்தியாசம் உனக்கே தெரியும். எட்டுப் போட்டதும் எந்தப் பக்கம் திரும்பக் கஷ்டமாக இருந்தது என்று எழுது. பெரும்பாலானவர்களுக்கு வலது பக்கம்தான், ஆக்ஸிலரேட்டர் கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உனக்கும் அப்படியென்றால் முழங்கையை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.